யாருக்கு எடுத்த இரத்தம்?

ஆய்வகத்துக்கு வந்து சேரும் குழாயின் சீட்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும், சில சமயம் இரத்தம் எடுத்த நேரமும் இருக்கும். எதற்காக எடுத்தார்கள் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. பெரும்பாலான பரிசோதனைகளில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. சோடியம் 115 என்று வந்தால், ஆள் யார், என்ன தொந்தரவு என்று தெரியாமலே தொலைபேசியை எடுத்து வார்டை அழைத்துவிடலாம். அல்சைமர் நோய்க்கான இரத்தப் பரிசோதனைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பி-டாவ் 217 என்ற புரதத்தின் அளவு, மறதி வந்து மருத்துவரிடம் போனவருடையது என்றால் ஒரு பொருள் தருகிறது. ஒரு குறையும் இல்லாமல் உடல் பரிசோதனைப் பேக்கேஜ் வாங்கியவருடையது என்றால் வேறு பொருள் தருகிறது. இயந்திரம் அச்சடித்துத் தருவது என்னவோ ஒரே எண்தான். உயிர்வேதியியல் ஆய்வக வேலையில் இருக்கும் எனக்கு இந்தப் பரிசோதனைகள்மீது பெரிய மதிப்பு உண்டு. என் தொழிலில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த பெரிய சாதனைகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். ஆனால் அறிகுறி உள்ளவருக்குக் காரணம் தேடும் கருவியாக இருக்கும்வரைதான் அந்த மதிப்பு நிற்கும். அறிகுறி இல்லாதவருக்கு ‘முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம்’ என்று இதை விற்பதற்கு இன்று ஆதாரம் போதாது.

மனத்தடுமாற்றத்தின் காரணத்தை உடல் நீரில் தேடுவது நேற்றுத் தொடங்கிய வேலை அல்ல. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் குவிங்கே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கும் முறையை 1891-இல் நிலைநாட்டினார். 1906-இல் ஆகுஸ்ட் வாசர்மன் குழு மேகநோய்க்கான, அதாவது சிபிலிசுக்கான, இரத்தப் பரிசோதனையை வெளியிட்டது. அலோயிஸ் அல்சைமர் ட்யூபிங்கன் நகரில் தன் புகழ்பெற்ற நோயாளியின் மூளையைப் பற்றிப் பேசியதும் அதே ஆண்டு நவம்பரில்தான். அக்காலத்து மனநோய்க் காப்பகங்களில் மூளையைத் தாக்கிய சிபிலிஸ் மிகப் பெரிய வியாதிகளில் ஒன்று. நினைவும் புத்தியும் கரைந்து சில ஆண்டுகளில் சாவில் முடியும். அல்சைமர் 1904-இல் எழுதிய ஆய்வேடே அந்த நோயைத் திசுக்களில் அடையாளம் காண்பது பற்றியதுதான். தண்டுவட நீரில் வாசர்மன் பரிசோதனை செய்ய முடிந்தபோது, உயிரோடு இருப்பவரிடமே டிமென்ஷியாவின் காரணத்தைச் சொல்லும் திரவச் சோதனை மருத்துவத்துக்குக் கிடைத்தது. பின்னால் பென்சிலின் வந்ததும் அந்த விடைக்குச் சிகிச்சையும் கிடைத்தது. ஆனால் அதே வாசர்மன் சோதனையைக் கேள்வி ஏதும் இல்லாத கூட்டத்தில் செய்தபோது கதை மாறியது. 1935-இல் கனெக்டிகட் மாநிலம் மணமகன், மணமகள் இருவருக்கும் திருமணத்துக்கு முன் சிபிலிஸ் சோதனையைக் கட்டாயமாக்கியது. பல அமெரிக்க மாநிலங்கள் அதன் வழியே போயின. நோயே இல்லாத பலர் ‘பாசிட்டிவ்’ ஆனார்கள். அவர்களில் சிலரைத் தொடர்ந்து கவனித்தபோதுதான் லூபஸ் போன்ற வேறு நோய்களும் அந்தச் சோதனையை ஏமாற்றும் என்று தெளிவானது. இரண்டு இடத்திலும் வேதியியல் ஒன்றுதான். குழாய்க்குப் பின்னால் நின்ற ஆட்கள் வேறு.

இப்போதைய பரிசோதனைகளின் வேர் 1984-இல் இருக்கிறது. கிளென்னரும் வாங்கும் மூளை இரத்தக் குழாய்களில் படிந்திருந்த அமிலாய்டு-பீட்டா புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு, அல்சைமர் நோயாளிகளின் தண்டுவட நீரில் அந்தப் புரதத்தின் 42 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம் குறைந்தும், டாவ் என்னும் இன்னொரு புரதம் கூடியும் இருப்பது தெரிந்தது. முதலில் கேட்பவருக்கு இது குழப்பமாக இருக்கும்: மூளையில் அமிலாய்டு குவிகிறது, நீரில் ஏன் குறைகிறது? படிவுகளில் சிக்கிக்கொண்ட புரதம் நீருக்கு வந்து சேர்வதில்லை, அதனால்தான். மனிதருக்கு மனிதர் இந்தப் புரதம் உற்பத்தியாகும் அளவே மாறுபடுவதால், அவ்வளவாகப் படியாத உடன்பிறப்பான 40 வடிவத்தோடு ஒப்பிட்டு விகிதம் பார்க்கிறோம். பரம்பரையாக அல்சைமர் வரும் குடும்பங்களைத் தொடர்ந்த ஆய்வு 2012-இல் இன்னொன்றையும் காட்டியது. அறிகுறி தொடங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட வயதுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பே தண்டுவட நீரில் அமிலாய்டு குறையத் தொடங்குவதுபோல் தெரிந்தது. ‘முன்கூட்டியே’ என்ற ஆசைக்கு அறிவியல் அடித்தளம் போட்டது இதுதான். ஆனால் அந்தக் குடும்பங்களில் மரபணுப் பிழையைப் பெற்றவருக்கு நோய் அநேகமாக நிச்சயம். எழுபது வயதில் பொதுவாக வரும் அல்சைமர் அப்படிப்பட்டது அல்ல.

இந்த எண்கள் எவ்வளவு எளிதில் கெடும் என்பது ஆய்வகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அமிலாய்டு-பீட்டா 42 பசைத்தன்மை உள்ள புரதம். பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்டுவட நீரைச் சாதாரண பாலிஸ்டைரீன் குழாயில் பிடித்தால் கணிசமான பங்கு சுவரோடு போய்விடும். பாலிப்ரொப்பிலீன் குழாயில் இழப்பு குறைவு, ஒட்டாத வகையில் தயாரித்த குழாயில் இன்னும் குறைவு. ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற ஊற்ற அளவு இறங்கும். பெரிய குழாயில் கொஞ்சம் நீர் மட்டும் இருந்தால், தொடும் சுவர்ப்பரப்பு அதிகமாகி அதுவும் இறங்கும். இழப்பின் திசையைக் கவனிக்க வேண்டும். நோயில் குறைய வேண்டிய புரதம் குழாயிலும் குறைகிறது. ஆக, தவறான குழாய் ஒன்று நோய் இல்லாத மனிதருக்கு அல்சைமரைக் கொடுத்துவிட முடியும். 40 வடிவமும் ஓரளவு ஒட்டுவதால் விகிதம் இந்தப் பிழையைக் குறைக்கும், முற்றாக நீக்காது. இரத்தத்துக்கு வேறு தொந்தரவுகள். இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அமிலாய்டு அளவுகள் சரியும். பி-டாவ் 217 போன்ற, பாஸ்பேட் ஏறிய டாவ் வடிவங்கள் இந்த விஷயத்தில் கெட்டி. ஐரோப்பிய ஆய்வுகளில் பெரும்பாலும் இரத்தம் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சென்ட்ரிஃபியூஜ் இருக்கும். நம் ஊரில் காலையில் சேகரிப்பு மையத்தில் எடுத்த குழாய், ஐஸ் பெட்டியில் இரு சக்கர வாகனம் ஏறி, மதிய வெயிலைத் தாண்டி மைய ஆய்வகம் வருவது சாதாரணம். கட்டுரைகளில் அச்சான துல்லியம் அந்தப் பயணத்துக்கும் பொருந்தும் என்று யாரும் இனாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்டுவட நீரிலிருந்து இரத்தத்துக்கு இறங்கியதில்தான் தொழில்நுட்பத்தின் உண்மையான திறமை தெரிகிறது. மூளைப் புரதங்கள் இரத்தத்தில் மிக அரிது. பி-டாவ் 217 ஆரோக்கியமானவரின் ஒரு மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் ஒரு பிக்கோகிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருவது ஒரு பிக்கோகிராம். 2010-இல் வந்த ஒற்றை மூலக்கூறு எண்ணும் முறை, மாதிரியை மிக நுண்ணிய கிணறுகளில் பிரித்து, எத்தனை கிணறுகள் ஒளிர்கின்றன என்று எண்ணுகிறது. இன்னொரு பக்கம் நிறை நிறமாலை முறை வளர்ந்தது. நோபல் பரிசு பெற்ற கொய்ச்சி தனகாவும் சேர்ந்த ஜப்பானியக் குழு 2018-இல் இரத்த அமிலாய்டு விகிதத்தை வைத்தே மூளைப் படிவைக் கணிக்க முடியும் என்று காட்டியது. ஆனால் இங்கே ஒரு பொறி இருந்தது. நோயில் தண்டுவட நீரின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகிறது. இரத்தத்தின் விகிதமோ பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்குகிறது. உடலின் மற்ற திசுக்களும் அமிலாய்டைச் சுரந்து இரத்தத்தில் கலப்பதே காரணம். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் என் இயந்திரமே ஐந்து, பத்து சதவீதம் தள்ளாடினால், நோய் உண்டு, இல்லை என்ற எல்லையில் ஆளின் பக்கமே மாறிவிடும். அதனால்தான் 2020-இல் லுண்ட் பல்கலைக்கழகக் குழு பி-டாவ் 217 பற்றி வெளியிட்ட முடிவுகளை ஆய்வகக்காரர்கள் நிம்மதியோடு படித்தார்கள். இந்தப் புரதம் நோயில் சில மடங்கு உயர்கிறது. இயந்திரத்தின் சிறு தள்ளாட்டம் அந்த இடைவெளியை அழிப்பதில்லை.

அறிகுறி உள்ளவரிடம் இது எவ்வளவு பயன்படும் என்பதற்கு நல்ல சான்று ஸ்வீடனிலிருந்து 2024-இல் வந்தது. நினைவுக் கோளாறு என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சிறப்பு மருத்துவமனைகளுக்கும் போன 1,213 பேரில், பி-டாவ் 217-ஐயும் அமிலாய்டு விகிதத்தையும் சேர்த்த இரத்தச் சோதனை சுமார் 91 சதவீதம் சரியாகச் சொன்னது. வழக்கமான பரிசோதனைகளை வைத்து ஆரம்ப நிலை மருத்துவர்கள் 61 சதவீதமும், டிமென்ஷியா நிபுணர்கள் 73 சதவீதமும் சரியாகக் கணித்தார்கள். மருத்துவரைக் குறை சொல்லும் எண்கள் அல்ல இவை; பேச்சையும் நடத்தையையும் மட்டும் பார்த்து மூளைக்குள் இருக்கும் புரதத்தைச் சொல்வது அவ்வளவு கடினம். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இவ்வகையில் முதல் இரத்தச் சோதனைக்கு அனுமதி தந்தது. 499 பேரின் மாதிரிகளில், பாசிட்டிவ் என்று வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்கும் அமிலாய்டு இருந்தது. நெகட்டிவ் என்று வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ‘சொல்ல முடியாது’ என்றே விடை. அந்தச் சாம்பல் பட்டையைச் சோதனையின் பலவீனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. என் பார்வையில் இந்தச் சோதனையின் நேர்மையான பகுதி அதுதான். ஒற்றைக் கட்-ஆஃப் போட்டு எல்லாரையும் இரு பக்கமும் தள்ளுவதைவிட, இரண்டு கட்-ஆஃப் போட்டு நடுவில் இருப்பவரைத் தண்டுவட நீர்ச் சோதனைக்கோ, மூளையின் அமிலாய்டைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனுக்கோ அனுப்புவது நல்லது. அனுமதி யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும்: 55 வயதுக்கு மேல், நினைவுக் குறையின் அறிகுறியோடு சிறப்பு மருத்துவத்துக்கு வந்தவர்களுக்கு.

அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சோதனை அமிலாய்டு உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறதியோடு சிறப்பு மருத்துவமனைக்கு வரும் ஆயிரம் பேரில் 600 பேருக்கு அமிலாய்டு இருந்தால், 540 சரியான பாசிட்டிவ், 40 தவறான பாசிட்டிவ். பாசிட்டிவ் சீட்டு வாங்கியவரில் 93 சதவீதத்தினருக்குச் சீட்டு உண்மை. இனி அதே சோதனையை ஐம்பது வயதில் நன்றாக இருக்கும் ஆயிரம் பேருக்குச் செய்வோம். பல நாடுகளின் தரவைச் சேர்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வின்படி, அந்த வயதில் சிந்தனைக் குறை இல்லாதவரில் சுமார் 10 சதவீதத்தினருக்குத்தான் அமிலாய்டு இருக்கும். 90 சரியான பாசிட்டிவ், 90 தவறான பாசிட்டிவ். சீட்டு வாங்கியவரில் பாதிப் பேருக்கு மூளையில் ஒன்றுமே இல்லை. மீதிப் பாதியும் ‘நோயாளிகள்’ அல்ல என்பது இதைவிட முக்கியம். அதே ஆய்வில், சிந்தனைக் குறை இல்லாத தொண்ணூறு வயதுக்காரர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலாய்டு இருந்தது. படிவோடு வாழ்ந்து, தெளிவோடு இறந்துபோகிறவர்கள் ஏராளம். அதனால்தான் அறிகுறி இல்லாவிட்டாலும் புரதம் இருந்தால் அல்சைமர் நோய் என்று 2024-இல் ஒரு அமெரிக்க வல்லுநர் குழு வரையறுத்தபோது, பன்னாட்டு வல்லுநர்களின் இன்னொரு குழு அதை ஏற்கவில்லை. அறிகுறி இல்லாமல் புரதம் மட்டும் உள்ளவர்களை ‘ஆபத்து உள்ளவர்கள்’ என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்றது. ஆய்வகத்திலிருந்து பார்க்கிற எனக்கு இரண்டாவது குழுவின் பக்கமே நியாயம் தெரிகிறது. நான் அளப்பது ஒரு புரதத்தை. அதன் பெயரில் ஒருவரை நோயாளியாக்கும் உரிமை என் இயந்திரத்துக்கு இல்லை.

எண்ணை மாற்ற அமிலாய்டு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. சிறுநீரகம் மந்தமானால் பி-டாவ் 217 வெளியேறுவது குறைந்து இரத்தத்தில் கூடுகிறது. உடல் பருமன் இருந்தால் அளவு குறைவாகத் தெரிகிறது. பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் இந்தப் புரதம் அல்சைமர் நோயாளிகளைவிட அதிகம் என்று கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2025-இல் காட்டினார்கள். வளரும் மூளைக்கு அது இயல்பு. ஆனால் சீட்டில் வயது இல்லாமல் அந்தக் குழாய் வந்திருந்தால் ரிப்போர்ட் என்ன சொல்லியிருக்கும்? சர்க்கரை நோயும் அதன் பின்னாலேயே சிறுநீரகச் சேதமும் பரவலாக உள்ள நம் பகுதியில் கிரியேட்டினின் பார்க்காமல் பி-டாவ் ரிப்போர்ட்டைப் படிப்பது சரியல்ல. இன்று புழக்கத்தில் உள்ள கட்-ஆஃப்கள் பெரும்பாலும் ஸ்வீடன், அமெரிக்கா போன்ற நாட்டு மக்களிடம் வகுக்கப்பட்டவை. ஒரு கிட்டின் எண் இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒத்துப்போவதும் இல்லை.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. நரம்பியல் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில், பெட் ஸ்கேன் சிலருக்கே கட்டுப்படியாகும் நாட்டில், எளிய இரத்தச் சோதனையைக் கட்டுப்படுத்தச் சொல்வது வசதி உள்ளவரின் பேச்சு அல்லவா? 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்ற ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை. அறிகுறி உள்ள கிராமத்துப் பாட்டிக்கு இந்தச் சோதனை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரைக் கண்டுபிடிக்கும் முதல் படி மட்டும் குழாயில் இல்லை. சென்னையிலும் வேலூர்ப் பகுதியிலும் நடந்த 10/66 என்ற டிமென்ஷியா ஆய்வுகள், படிக்காத முதியவரையும் தப்பாக முத்திரை குத்தாமல் கண்டுகொள்ள, அவரிடம் பேசுவதோடு வீட்டில் அவரைக் கவனிப்பவரிடமும் கேட்கும் முறையைக் கையாண்டன. அதற்குப் பிறகு ஆய்வகத்துக்கு வர வேண்டிய முதல் குழாய் பி-டாவுக்கானதும் அல்ல. வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, தேவைப்பட்டால் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும். சில நூறு ரூபாயிலிருந்து செய்யக்கூடிய இவற்றில் ஒன்று தவறியிருந்தால், அது மருந்தால் திரும்பக்கூடிய மறதியாக இருக்கலாம். இவையெல்லாமும் டிமென்ஷியாவுக்கான திரவச் சோதனைகளே. புதிய இயந்திரத்தின் பளபளப்பில் இவற்றை மறப்பது எங்கள் தொழிலுக்கே உரிய பழக்கம்.

என் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வக நிறுவனம் இரத்த அமிலாய்டு விகிதச் சோதனையைப் பொதுமக்கள் தாங்களே வாங்கும்படி விற்பனைக்கு விட்டபோது அதற்குச் சொல்லப்பட்ட நியாயமும் அதுதான். தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் அப்போஇ4 மரபணு தமக்கு இருக்கிறது என்று ஆலோசனையோடு சொல்லப்பட்டவர்கள் குறுகிய காலத்தில் பெரிய மனச்சேதம் அடையவில்லை என்று 2009-இல் ஒரு கவனமான ஆய்வு காட்டியது. ஆனால் 2014-இல் வந்த மற்றொரு ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த மரபணு இருப்பதை அறிந்த முதியவர்கள், இருந்தும் அறியாதவர்களைவிடத் தம் நினைவாற்றலை மோசமாக மதிப்பிட்டார்கள். நினைவுத் தேர்விலும் சற்றுக் குறைவாகவே செய்தார்கள். செய்தியே மூளையின்மேல் வேலை செய்கிறது. அந்த மரபணுச் செய்தியாவது உண்மையானது. முன்னே போட்ட கணக்கின்படி, ஐம்பது வயதுக்காரர் காசு கொடுத்து வாங்கும் பாசிட்டிவ் சீட்டு பாதிக்குப் பாதி பொய். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்கு அந்தச் சீட்டு விடை ஆகாது.

மருந்தை முன்கூட்டியே தொடங்கினால்தானே பலன் என்பது மிச்சமிருக்கும் வாதம். 2023-இல் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப், ஆரம்ப அறிகுறி உள்ளவர்களிடம் 18 மாதத்தில் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம் காட்டியது. சரிவு மெதுவானது, நிற்கவில்லை. சுமார் எட்டில் ஒருவருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. இதே வகை மருந்தை அறிகுறிக்கு முன்பே கொடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் தர்க்கம் ஒருமுறை சோதிக்கப்பட்டுத் தோற்றிருக்கிறது. பெட் ஸ்கேனில் அமிலாய்டு தெரிந்த, அறிகுறி இல்லாத 1,169 பேரிடம் சோலனெசுமாப் மருந்தை நாலரை ஆண்டுகள் சோதித்த ஏ4 ஆய்வு, சரிவைத் தடுக்கவில்லை என்று 2023-இல் முடிந்தது. படிவைக் கரைக்காத மருந்து அது, எனவே அந்தத் தோல்வியை எல்லா மருந்துக்கும் நீட்டக் கூடாது என்பார்கள். நியாயமான எதிர்வாதம்தான். படிவைக் கரைக்கும் லெக்கனமாப், டொனனெமாப் இரண்டையும் அறிகுறி இல்லாதவர்களிடம் சோதிக்கும் பெரிய ஆய்வுகள் அதற்காகவே தொடங்கப்பட்டன. அவை தெளிவான பலன் காட்டினால் நான் மேலே போட்ட கணக்கில் ஒரு பக்கம் மாறும். தவறான பாசிட்டிவின் விலையைச் சரியான பாசிட்டிவின் லாபத்தோடு எடைபோட வேண்டியிருக்கும். அப்போதும் முதல் பாசிட்டிவை வைத்து யாருக்கும் நரம்பு வழியாக மருந்து ஏற்ற முடியாது. உறுதிசெய்ய இரண்டாவது சோதனை, சிறுநீரக அளவு, அப்போஇ4 நிலை, மூளை வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கண்காணிக்கத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ., அதைப் படிக்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் என்று ஒரு வரிசையே பின்னால் நிற்க வேண்டும். எத்தனை மாவட்டத் தலைநகரங்களில் அந்த வரிசை முழுதாக இருக்கிறது என்று எண்ணும் வேலையை ஆய்வு முடிவுகள் வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம்.